காதில் போட்டுக்கொள்ளாதவர்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் பாட்டு ஒத்திகை. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நாற்பது நாற்காலிகளை அரைவட்டமாகப் போட வேண்டும். முதலில் வருகிறவர்கள்தான் போட வேண்டும் என்று யாரோ எப்போதோ விதி வைத்துவிட்டதால் எல்லோரும் ஆறு பத்துக்கு வருவார்கள். லிஃப்ட்காரரும் அவர் மனைவியும் மட்டும் ஐந்தே முக்காலுக்கே வந்து நாற்பதையும் போட்டுவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல அவரவர் இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

அவர் ஒரு கம்பெனியில் இருபத்தெட்டு வருஷமாக லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவள் ஒரு கிளினிக்கில் காலையிலிருந்து மத்தியானம் வரை வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களிடம் ரத்தம் எடுப்பவள். குழுவில் அவளுக்கு ‘ஊசியக்கா’ என்று பேர். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர்களும் ஊசியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இருவரும் சந்தித்ததே இந்தக் கூடத்தில்தான். அவர் பாஸ், ஆண்குரல்களில் ஆக அடியில் இருப்பது. அவள் ஆல்ட்டோ, பெண்குரல்களில் அடியில் இருப்பது. கைதட்டல் எல்லாம் மேலே பாடுகிறவர்களுக்குத்தான் என்று இருவரும் சேர்ந்து அலுத்துக்கொண்டதில் ஆரம்பித்த பழக்கம் கல்யாணத்தில் முடிந்தது. ஒரு மகள் பிறந்து, வளர்ந்து, வேலைக்காக வேறு ஊருக்கும் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை மட்டும் மாறவில்லை.

ஊசியக்காவுக்கு ஒரு பெருமை உண்டு. ஆல்ட்டோ வரிசை எந்த இடத்தில் பாட ஆரம்பிக்க வேண்டுமோ அந்த இடத்தில், ஒரு இமைப்பொழுது முன்னாலும் இல்லாமல் பின்னாலும் இல்லாமல், அவள் ஆரம்பித்துவிடுவாள். புத்தகத்துக்கு அடியில் கட்டைவிரல் விரல்கணுக்களை எண்ணிக்கொண்டே இருக்கும். மற்ற எட்டு ஆல்ட்டோக்களும் எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டார்கள். ஊசியக்கா மூச்சு இழுத்தால் அவர்களும் இழுப்பார்கள். அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்த கணக்கு.

குழுவை நடத்துகிறவர் அதே பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். வயது நாற்பதுகூட இருக்காது. குழுவுக்கு நாற்பதாவது வருஷம் என்பதால் இந்த முறை சின்னச் சின்னப் பாட்டாக இல்லாமல் பெரிதாக ஒன்று செய்வோம் என்று சொல்லி, கனமான புத்தகங்களை ஆளுக்கொன்று கொடுத்தார். இருநூறு வருஷத்துக்கு முன்னால் எழுதியது. இறந்தவர்களுக்காகத் தேவாலயத்தில் பாடப்படும் திருப்பலி இசை. லத்தீன் மொழி, ஏழு பகுதி, முழுசாக ஒரு மணி நேரம்.

பாஸ் வரிசையில் இருந்த தபால்காரர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார். “யாரு செத்துட்டாங்க டீச்சர்?”

“இதுவரைக்கும் யாரும் இல்லை” என்றார் டீச்சர். “பாடி முடிக்கறதுக்குள்ள நான் போனாலும் போவேன்.”

அந்தக் குழுவில் சாமி கும்பிடுகிறவர்களும் இருந்தார்கள், கும்பிடாதவர்களும் இருந்தார்கள். தபால்காரர் கும்பிடாத கட்சி. ஆனால் முதல் பகுதியை இரண்டு வாரம் பாடிய பிறகு, இது யாருக்காக எழுதியிருந்தாலும் சரி, நம்மையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறான் என்று அவரே சொன்னார். போனவர்களுக்கு ஓய்வு வேண்டும், வெளிச்சம் வேண்டும் என்று கேட்பதுதான் முழுப் பாட்டும். அதைக் கேட்பதற்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வதில் ஒரு நியாயம் இருப்பதாக எல்லோருக்கும் பட்டது.

ஆறாவது பகுதியில் ஓர் இடம். நாற்பது பேரும் உச்சத்தில் கத்துவது போலப் பாடிக்கொண்டிருப்பார்கள். சட்டென்று எல்லாம் நின்றுவிடும். பியானோகூட இல்லை. இரண்டு கட்டம், கட்டத்துக்கு நாலு எண்ணிக்கை, வெறும் மௌனம். அந்த மௌனத்திலிருந்து பாஸ் மட்டும், துணைக்கு யாரும் இல்லாமல், மிக அடியில், மிக மெதுவாகத் தொடங்க வேண்டும். நாலு கட்டம் கழித்து ஆல்ட்டோ வந்து சேரும்.

அந்த இடம் மூன்று வாரமாகப் புளித்தது. பாஸ் வரிசையில் ஒரு குரல் அரைச் சுருதி கீழே, அதுவும் முழு நம்பிக்கையோடு, எல்லோருக்கும் முன்னால் இறங்கியது. யார் என்று டீச்சருக்குப் பிடிபடவில்லை. ஐந்து பேர் வாயையும் பார்த்தார். எல்லோரும் முகத்தைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தன் போனை ஒவ்வொரு நாற்காலிக்கு அடியிலும் ஒரு தடவை வைத்துப் பதிவு செய்து, வீட்டுக்குப் போய்க் கேட்டார்.

அடுத்த வாரம் ஒத்திகை முடிந்ததும், லிஃப்ட்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது, டீச்சர் ஊசியக்காவை சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“அவர் சுருதி தப்ப மாட்டார் டீச்சர்” என்றாள் அவள், அந்தக் குரல் யாருடையது என்று டீச்சர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே.

“எனக்கும் அப்படித்தான் தெரியும் அக்கா. அதனாலதான் நாலு தடவை கேட்டேன்.”

டீச்சர் கெஞ்சுகிற மாதிரிதான் பேசினார். அந்த ஓர் இடத்தில் மட்டும் அவர் வாயை அசைத்தால் போதும். இல்லையென்றால் இந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் கீழே உட்கார்ந்து கேட்டால்கூடச் சரிதான். தானே சொன்னால் அவர் மனசு உடைந்துவிடும், வீட்டில் பக்குவமாக ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டார். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

காரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது சொல்லலாம் என்று வாயெடுத்தாள். ஆனால் வேறு ஏதோ பேசினாள். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அதுதான் அவளுக்கு இடித்தது. காரில் எது சொன்னாலும் பதில் வருகிறது. வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் பாதிக்குமேல் பதில் வருவதில்லை. இரண்டு வருஷமாக அவள் அதற்காகச் சண்டை போட்டிருக்கிறாள். சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை, சுவரோடு குடும்பம் நடத்துகிறேன் என்று மகளிடம் போனில் புலம்பியிருக்கிறாள். காரில் அவள் உட்காருவது அவருடைய இடது பக்கம். சாப்பாட்டு மேஜையில், ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று சொல்லி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் இடம் மாறி உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவள் அவருடைய இடது பக்கம். படுக்கையிலும் முதுகு வலி என்று ஏதோ சாக்குச் சொல்லி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போனவர்தான். காதில் போட்டுக்கொள்ளாத மனுஷனுக்குப் போட்டுக்கொள்ளக் காது இருக்கிறதா என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை.

மறுநாள் அவர் அடுக்களை மேஜையில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். அவள் பாத்திரம் துடைக்கிற சாக்கில் அவருக்கு வலது பக்கமாக, கொஞ்சம் பின்னால் போய் நின்றாள்.

“டீ போடவா?” என்றாள், சாதாரணக் குரலில்.

அவர் தோலை ஒரே சுருளாக வரும்படி கவனமாக உரித்துக்கொண்டிருந்தார்.

“வீடு பத்தி எரியுது.”

ஒரு சுளையை வாயில் போட்டார்.

“உங்க அக்கா நாளைக்கு வந்து ஒரு மாசம் தங்கப் போறாங்களாம்.”

அடுத்த சுளையை எடுத்தார். அவள் துடைத்த பாத்திரத்தையே மறுபடி துடைத்தாள்.

அன்றைக்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை கிளினிக்கில் ஒருவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து கூட வேலை செய்கிறவள், “அக்கா, கொஞ்சம் நில்லுங்க, அது வேற ஆளோட சீட்டு” என்றாள். ஊசியக்கா நின்றாள். சீட்டை மாற்றிக்கொண்டாள். பிறகு ஊசியை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கம்பெனியில் அவர்கள் இரண்டு பேராகத்தான் வேலை பார்ப்பார்கள் என்று அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். ஒருவர் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று கம்பிகளைப் பார்ப்பார். இன்னொருவர் கீழே பட்டனிடம் நிற்பார். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. நடுவில் இருப்பது குரல் மட்டும்தான். நில்லு என்றால் நிற்க வேண்டும்.

இவரை நீ பார்த்துக்கொள் என்று கூட இருந்தவளிடம் சொல்லிவிட்டு அவள் வெளியே போய்த் தண்ணீர் குடித்தாள்.

சாயங்காலம் அவர் வந்து ஒரு பூட்ஸைக் கழற்றும்வரை பொறுத்திருந்தாள். பிறகு அவருக்கு இடது பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எத்தனை நாளா?”

“என்னது?”

“அந்தப் பக்கம் உக்காந்து கேட்டிருந்தா ‘என்னது’ன்னு சொல்றதுல அர்த்தம் இருக்கு. இந்தப் பக்கந்தான் உக்காந்திருக்கேன். காது எத்தனை நாளா கேக்கலை?”

அவர் பூட்ஸ் கயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கும் என்றார். முதலில் அழுக்கு அடைத்திருக்கிறது என்று நினைத்தாராம். பிறகு அது வயசு என்று நினைத்தாராம். பிறகு எதுவும் நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாராம்.

“வேலையில ஏதாவது ஆச்சா?”

ஆகியிருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு அலுவலகக் கட்டடத்தில். மேலே கூட்டாளி நின்றுகொண்டிருந்தார், பதினோரு வருஷமாகக் கூட வேலை பார்க்கிறவர். அவர் நில்லு என்று சொல்லியிருக்கிறார். இவருக்குக் கேட்கவில்லை. பட்டனை அழுத்திவிட்டார். கூண்டு ஒரு சாண் நகர்ந்தது. கூட்டாளியின் சட்டைக் கை கம்பியில் மாட்டி முழங்கைவரை கிழிந்தது. உள்ளே இருந்த கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

“கீழ வந்து அவன் என்கிட்ட மன்னிப்புக் கேட்டான்” என்றார் அவர். “இன்னும் சத்தமாச் சொல்லியிருக்கணும், தப்பு என்னுதுதான்னு சொன்னான். நான் பரவாயில்லைன்னு சொல்லிட்டேன்.”

கழற்றிய பூட்ஸை எடுத்து ஓரமாக வைத்தார். அவளுக்கு அவரைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுமே இப்போது உதவாது என்று தோன்றியது. குனிந்து அவருடைய இன்னொரு பூட்ஸின் முடிச்சை அவிழ்த்துவிட்டாள்.

மறுநாள் இருவரும் லீவு போட்டுவிட்டு, அவளுடைய கிளினிக்கிலேயே இருந்த காது டாக்டரிடம் போனார்கள். டாக்டர் இரும்புக் கவையைத் தட்டிக் காதுக்குப் பக்கத்தில் பிடித்தார், பிறகு காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். எலும்பில் வைத்தபோது நன்றாகக் கேட்டது. காதுக்குள்ளே இருக்கிற மிகச் சின்ன எலும்பு ஒன்று அசைய முடியாமல் இறுகிப்போயிருக்கிறது, வெளிச்சத்தம் உள்ளே போகாது, ஆனால் தன் குரல் மட்டும் குகைக்குள் பேசுவது போலப் பெரிதாகக் கேட்கும் என்றார். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததை ஒருவர் பார்த்த மாதிரி சொன்னது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். சின்ன ஆபரேஷனில் சரிசெய்யப் பார்க்கலாம், ஆனால் வரிசை நீளம், ஏழு மாதம் ஆகும் என்றார் டாக்டர்.

ஊசியக்கா நாத்தனாருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். நாத்தனார் டி.வி. சத்தத்தைக் குறைத்தாள். பிறகு, “எங்க அப்பாவுக்கும் ஒரு காதுதான் கேட்டுச்சு. எங்கம்மா கடைசிவரைக்கும் அவரைத் திமிர் பிடிச்சவர்னுதான் நினைச்சாங்க” என்றாள்.

அந்த வாரமே அவர் கம்பெனியில் போய்ச் சொன்னார். மேலாளரிடம் சொல்வதற்கு முன்னால் கூட்டாளியிடம் சொன்னார். சட்டை கிழிந்த அன்றைக்கு நீ சத்தமாகத்தான் சொன்னாய், எனக்குத்தான் கேட்கவில்லை, அது தெரிந்தும் பரவாயில்லை என்று சொன்னேன் என்றார். கூட்டாளி எழுந்து போய்விட்டார். நாலு நாள் முகம் கொடுக்கவில்லை. ஐந்தாம் நாள் ஒரு டீயைக் கொண்டுவந்து அவருக்கு இடது பக்கமாக வைத்துவிட்டுப் போனார்.

கம்பெனி அவரைப் பழுது என்று வரும் போன்களை எடுக்கிற மேஜைக்கு மாற்றியது. போன் என்பதால் இடது காது போதும். என்ன சத்தம் வருகிறது என்று இரண்டு கேள்வி கேட்டே எந்த உதிரி பாகத்தோடு யாரை அனுப்புவது என்று சொல்லிவிடுவார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அலறிக்கொண்டு கூப்பிட்டால் அந்த அழைப்புகளையும் அவரிடம் கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்த அடிக்குரலில், “ஒண்ணும் ஆகாது, கம்பி நல்லா இருக்கு, உங்க பேரைச் சொல்லுங்க” என்று அவர் சொன்னால் எதிர்முனையில் அழுகை நின்றுவிடுகிறது என்று அலுவலகத்தில் பேச்சு.

வேலையில் உண்மை வந்துவிட்டது. பாட்டுக் குழுவில் இன்னும் வரவில்லை. டீச்சர் சொன்னதை அவள் இன்னும் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்ட ஒரு மனுஷனிடம் இதை மறைப்பது அவளுக்குக் கூசியது. திங்கட்கிழமை சொல்லிவிட்டாள்.

“எல்லாருக்கும் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார்.

“டீச்சருக்கு மட்டுந்தான்.”

அவர் தலையசைத்தார். செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்கு அவள் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றபோது, தலைவலிக்கிறது, நீ போய்விட்டு வா என்றார்.

அவள் தனியாக நாற்பது நாற்காலியைப் போட்டாள். ஆறு பத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக, அண்ணன் எங்கே என்று கேட்டார்கள். இடைவேளையில் அவள் டீச்சரிடம் நடந்ததைச் சொன்னாள். பக்கத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த தபால்காரர் திரும்பினார்.

“எனக்கு ஒரு வருஷமாத் தெரியும்” என்றார்.

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

“அவருக்கு இடது பக்கமா நின்னு கொஞ்சம் அவர் பக்கம் திரும்பிப் பாடினா கனகச்சிதமாப் பாடுவார். நானும் அப்படியே ஒட்டிக்கிட்டேன். பெரிய புத்தகம் வந்தப்போ டீச்சர் உயரத்தைப் பாத்து இடம் மாத்தி நிறுத்தினாங்க பாருங்க, அன்னையில இருந்துதான் கெட்டுச்சு. என்னைத் தூக்கி அந்த ஓரத்துல போட்டுட்டாங்க.”

டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். நான் போனை வைத்து உளவு பார்த்ததற்குப் பதிலாக உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றார். கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேன் என்றார் தபால்காரர்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தபால்காரர் அவர்கள் வீட்டு மணியை அடித்தார். அன்றைக்கு லிஃப்ட்காரருக்கு மத்தியான ஷிப்ட். கொடுக்க வேண்டிய கடிதம் எதுவும் இல்லை. இருந்தாலும் பையோடு உள்ளே வந்து இடது பக்கமாக உட்கார்ந்தார். ஊசியக்கா அப்போது கிளினிக்கில் இருந்தாள். என்ன பேசினார்கள் என்று பிறகு பிய்த்துப் பிய்த்துத்தான் தெரிந்தது. பாஸ் வரிசையில் நாலரை பேர்தான் இருக்கிறோம், நீங்களும் நின்றுவிட்டால் மூன்றரை என்றாராம் தபால்காரர். அது யார் அந்த அரை என்று இவர் கேட்டாராம். நான்தான், நீங்கள் பாடுவதைக் கேட்டு அதன்மேல் சாய்ந்துகொண்டு பாடுகிறேன், இருபது வருஷமாக அப்படித்தான், புத்தகத்தில் இருக்கிற புள்ளிகளுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது என்றாராம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஐந்தே முக்காலுக்கு நாற்காலி போட இருவரும் போனார்கள். டீச்சர் அவரைப் பாஸ் வரிசையின் வலது ஓரத்தில் நிறுத்தினார். அவருக்கு அந்தப் பக்கம் சுவர்தான். நாற்பது பேரின் சத்தமும் இடது காதில் வந்து விழுந்தது. முதல் பகுதி, இரண்டாம் பகுதி எல்லாம் பழையபடி ஆயிற்று. கிளினிக்கில் காதுக்கு ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். அதை மாட்டிக்கொண்டால் நாற்பது பேரும் கரண்டி டப்பாவைக் குலுக்குகிற மாதிரி கேட்கிறது என்று பாட்டுக்கு மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆனால் ஆறாவது பகுதியின் அந்த இடம் அப்படியேதான் இருந்தது. மௌனத்திலிருந்து தொடங்கும்போது சாய்ந்துகொள்ள எந்தச் சத்தமும் இல்லை. அவருடைய தலைக்குள் கேட்ட சுருதி ஒன்று, வெளியே வந்தது இன்னொன்று. இரண்டு தடவை முயன்ற பிறகு அவரே டீச்சரிடம் போனார்.

“அந்த இடத்துல முதல் ரெண்டு கட்டம் நான் பாடலை டீச்சர். அவங்க ஆரம்பிக்கட்டும். நல்லா ஊன்றினப்புறம் நான் சேர்ந்துக்கறேன்.”

“சரிண்ணா” என்றார் டீச்சர். அதற்குமேல் சமாதானம் எதுவும் சொல்லாமல் இருந்ததற்காக அவருக்கு டீச்சர்மேல் மரியாதை கூடியது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் ஒன்று கேட்டார். “நிகழ்ச்சி அன்னிக்கு அந்த இடத்துல மட்டும் என்னைப் பாக்காத.” அவள் பார்க்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். அவருக்கு எதிரே, அரைவட்டத்தின் மறு முனையில் ஆல்ட்டோ வரிசை. பார்க்காமல் இருக்கத்தான் முயற்சி வேண்டும்.

நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, உயரமான ஜன்னல்கள் வைத்த செங்கல் தேவாலயத்தில். முந்நூறு பேருக்குக் கொஞ்சம் குறைவாக வந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் நாத்தனார், பக்கத்தில் அந்தக் கூட்டாளி, புதுச் சட்டையில். ஒரு பியானோ, இரண்டு வயலின், வயலினுக்கு அண்ணன் மாதிரி ஒரு பெரிய செல்லோ. எல்லோரும் கறுப்பு உடை. தபால் பை இல்லாமல் நிற்பது தபால்காரருக்கே விசித்திரமாக இருந்ததாம். கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை என்றார்.

டீச்சர் கையைத் தூக்கினார். சாப்பாட்டுக் கூடத்தில் எட்டு மாதமாகத் துண்டு துண்டாகப் பாடியது இங்கே கூரைவரை போய் ஒன்றாகக் கீழே இறங்கியது. ஐந்து பகுதிகள் எப்படிப் போயின என்று யாருக்கும் தெரியாது. முன் வரிசையில் ஒரு வயசான அம்மா கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை அசைத்து யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். பாட்டு ஓய்வையும் வெளிச்சத்தையும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து வந்து முதலில் ஆண்களில் மேல்குரல் பாடும் டெனர்களின் மேல் விழுந்தது, பிறகு பாஸ் வரிசைக்கு நகர்ந்தது.

ஆறாவது பகுதி. உச்சம். டீச்சரின் கை மூடியது, எல்லாம் நின்றது. கூரையில் மீதிச் சத்தம் சுற்றிக் கரைந்தது. ஒரு கட்டம். இரண்டு கட்டம்.

ஊசியக்கா பார்த்துவிட்டாள்.

நாலு பேர் தொடங்கினார்கள். அடியில், மெதுவாக, சுத்தமாக. அவர் வாய் மூடியிருந்தது. புத்தகத்தை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, இடது காதைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, தபால்காரரைக் கவனித்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக எல்லோருக்கும் முன்னால் தொடங்கியவர், தன் முறைக்காக அத்தனை பொறுமையாகக் காத்திருந்தார். அவள் கட்டைவிரல் எண்ணுவதை எப்போது நிறுத்தியது என்று அவளுக்குத் தெரியாது. அவர் வாய் திறந்தது. ஐந்தாவது குரல் நாலின் கீழே வந்து, இருந்த இடமே தெரியாமல் சேர்ந்துகொண்டது. சரியான சுருதி. அவளுக்குத் தாங்கவில்லை. நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தாள்.

ஊசியக்கா மூச்சு இழுத்தால் எட்டு பேரும் இழுப்பார்கள்.

ஒன்பது ஆல்ட்டோக்களும் இரண்டு கட்டம் முன்னதாக, ஒற்றுமையாக, அழகாக உள்ளே வந்தார்கள்.

டீச்சரின் கண் விரிந்தது. ஊசியக்காவுக்குப் பாதிச் சொல்லில்தான் தெரிந்தது. இனி விழுங்கவும் முடியாது. டீச்சர் இடது கையை மெதுவாகக் கீழே அழுத்தி, அப்படியே பிடித்துக்கொள் என்று காட்டினார். ஒன்பது பேரும் அந்த ஒரே சுரத்தைச் சன்னமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கீழே பாஸ் தன் பாட்டுக்கு நடந்து வந்து அவர்களை அடைந்தது. ஐந்தாவது கட்டத்தில், அப்போதுதான் வருகிறவர்கள் போல அவர்கள் மறுபடியும் தொடங்கினார்கள். பாட்டு போய்க்கொண்டே இருந்தது. முடிந்ததும் ரொம்ப நேரம் யாரும் கைதட்டவில்லை. பிறகு நிறுத்தவில்லை.

பக்கத்து அறையில் டீ வைத்திருந்தார்கள். ஊசியக்கா மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆல்ட்டோக்கள் வந்து ஆளாளுக்குத் தோளைத் தட்டினார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் டீச்சரிடம் வந்து, எனக்கு இந்த இசையை நன்றாகத் தெரியும், ஆறாவது பகுதியில் பெண்குரல்கள் அவ்வளவு சீக்கிரம் திருட்டுத்தனமாக நுழைவதை இதுவரை எங்கேயும் கேட்டதில்லை, அது யாருடைய யோசனை என்று கேட்டார். குழுவில் பேசி முடிவு செய்தது என்றார் டீச்சர், கண் இமைக்காமல்.

லிஃப்ட்காரர் இரண்டு டம்ளரோடு வந்தார். ஒன்றை அவளிடம் நீட்டினார்.

“ரெண்டு கட்டம் முன்னாடி வந்துட்டே.”

“உங்களுக்குக் கேட்டுச்சா?”

“அந்தப் பக்கக் காதுலகூடக் கேட்டுச்சு.”

அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. “பாத்துட்டேன்” என்றாள். “பாக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் பாத்துட்டேன்.”

“தெரியும்” என்றார் அவர். “நானும் உன்னைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். வாயைத் திறக்கத் தைரியம் வேணுமில்ல.”

டீ ஆறிப்போகும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள். பிறகு நாத்தனார் வந்து, தம்பியின் எந்தக் காது நல்ல காது என்று கேட்டுக்கொண்டு, அந்தப் பக்கமாக நின்று நிகழ்ச்சியைப் பற்றித் தன் அபிப்பிராயத்தை முழுசாகச் சொன்னாள். அரை மணி நேரம் ஆயிற்று.

ஆபரேஷன் சொன்னபடியே சில மாதம் கழித்து நடந்தது. முழுசாகத் திரும்பவில்லை, முக்கால்வாசி வந்தது. முதல் இரண்டு வாரம் அவர் பட்ட பாட்டைவிட அவள் பட்ட பாடு அதிகம். ஃப்ரிட்ஜ் ஏன் இப்படி இரைகிறது, பேப்பரை மெதுவாகப் புரட்டக் கூடாதா, நீ தூங்கும்போது விசில் அடிப்பாயா என்றெல்லாம் கேட்டார். கம்பெனியில் மறுபடி கூண்டுக்குப் போக அனுமதி கிடைத்தது. கூட்டாளி வேறு யாரோடும் போக மாட்டேன் என்று காத்திருந்தார். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் போன் மேஜையையும் வைத்துக்கொண்டார். மாட்டிக்கொண்டவர்களோடு பேசுவது அவருக்குப் பிடித்துப்போயிருந்தது.

அதற்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமை டீச்சர் ஒரு புதுப் பாட்டை எடுத்தார். பாஸ் மட்டும் தொடங்குகிற பாட்டு. அண்ணா, முதல் சுரத்தை நீங்கள் எடுக்கிறீர்களா என்று கேட்டார். அவர் ஒரு வாரம் டைம் கேட்டார். மறு வாரம் தபால்காரருக்குக் கடும் ஜலதோஷம். மற்ற மூவரும் இவர் முகத்தைப் பார்த்தார்கள். டீச்சர் கையைத் தூக்கியதும் அவர் தனியாகத் தொடங்கினார்.

டீச்சர் நிறுத்தவில்லை. பக்கத்தைத் திருப்பினார்.